"கேரல் எப்போ வருது?"

கேள்வி: ஜனவரி முதல் தேதி ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கென்று சபையில் கொடுக்கிற வேத வசனம்) எரேமியா 29:11 இருந்தது. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற வசனம். பீரோ கதவில் ஒட்டி வைத்தேன். ஜூனில் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. ஷூ கம்பெனியில் 23 வருஷம் வேலை பார்த்தவர். மகளுடைய காலேஜ் ஃபீஸ் பாதிதான் கட்டியிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு கோவிலில், வாரம் ஒன்றாக ஏற்றுகிற நான்கில் முதலாவதான 'நம்பிக்கை' மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை, எரிச்சல்தான் வந்தது. சபையார் வீடு வீடாக வந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாமனார்தான் தினமும் "கேரல் எப்போ வருது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். 82 வயது, ஞாபகம் சரியில்லை. கடவுள் என்னை ஏமாற்றிவிட்டாரா? என் விசுவாசம் போய்விட்டதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராணிப்பேட்டை

பதில்: சகோதரி, கடிதம் முழுக்க உங்கள் மனசைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நடுவில் மாமனாருக்கு ஒரு வரி. அதையும் 'ஞாபகம் சரியில்லை' என்று சொல்லி மூடிவிட்டீர்கள். அந்த வரியை நான் விடப்போவதில்லை.

அட்வெந்து என்றால் வருகை. வருகிறவராகிய இயேசுவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்திருக்கிற நான்கு வாரம். உங்கள் வீட்டில் அந்தக் காலத்தை ஒழுங்காக ஆசரிக்கிறவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் தினமும் "எப்போ வருது" என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர் கேட்கும்போதெல்லாம் என்ன பதில் சொல்கிறீர்கள்? அதை எழுதவில்லையே.

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பதையும் எழுதவில்லை. ஊரும் பெயரும் மாறினாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தக் கடிதம் வருகிறது, அதனால் சொல்லாமலே புரிகிறது. இருபது பேர் உள்ளே வருவார்கள், கேக் கொடுக்க வேண்டும். போன வருஷம் காணிக்கைக் கவரில் வைத்ததை இந்த வருஷம் வைக்க முடியாது. கூட்டத்தில் ஒருவர் "அண்ணன் இப்போ எங்கே போறாரு?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கேட்டைப் பூட்டிவிட்டீர்கள். உங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். வந்திருப்பது வெட்கம்.

பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உபத்திரவம், பொறுமை, பரீட்சை, நம்பிக்கை என்று ஒவ்வொரு படியாக ஏறி வருகிற பவுல், கடைசியில் என்ன சொல்கிறார்? "அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது." சந்தோஷப்படுத்தும் என்றோ பணக்காரராக்கும் என்றோ சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கஷ்டப்படுகிறவனை முதலில் பிடிப்பது வெட்கம்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். பீரோ கதவில் இருப்பது பதினோராம் வசனம். பத்தாம் வசனத்தை வாசித்தீர்களா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூத ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொன்னான். அது பொய் என்று கண்டித்த எரேமியா எழுபது என்று எழுதினார். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது நரைத்த தலையோடு உட்கார்ந்து கேட்டவர்கள் ஊர் திரும்பியிருக்க முடியாது, பேரப்பிள்ளைகள்தான் திரும்பியிருப்பார்கள். நீங்களோ எரேமியாவின் வசனத்தை அனனியா சொன்னதுபோல வாசித்துவிட்டீர்கள், பன்னிரண்டு மாதத்துக்கான ராசிபலன் மாதிரி. இதில் சபைக்கும் பங்கு உண்டு. முன்னும் பின்னும் சொல்லாமல் ஒரு வசனத்தைக் கத்தரித்துக் கையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

அதே கடிதத்தின் ஐந்தாம் வசனம் என்ன செய்யச் சொல்கிறது தெரியுமா? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். ஆறாம் வசனம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். எப்போது விடியும் என்று தெரியாத இடத்தில் குடித்தனம் நடத்தச் சொல்கிறார். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு சாயங்காலம் பஸ் ஏறி வேலூருக்கு வாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில், காந்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறவர்களுக்கு ரிப்போர்ட்டில் என்ன வரப்போகிறது என்று தெரியாது. ஆனாலும் அடுப்பையும் பாத்திரத்தையும் வாடகைக்கு எடுத்து, கடுகெண்ணெய் வாங்கி, மீனைப் பொரித்துக் குழம்பு வைத்து, நோயாளிக்கு முதலில் போட்டுக் கொடுக்கிறார்கள். பக்கத்து ரூம்காரருக்கும் ஒரு கிண்ணம் போகிறது. காத்திருக்கிறவர்கள் செய்கிற வேலை அது. கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதில்லை.

இன்னொன்று. விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டீர்கள். அன்று ஏற்றினது நம்பிக்கையின் மெழுகுவர்த்தி. நம் வேதாகமத்தில் இவை இரண்டும் இரண்டு சொற்கள். நம்பிக்கை என்பது வரப்போகிறதை எதிர்பார்ப்பது. காணாததை நம்பினால் அது வருகிறதற்குப் பொறுமையோடே காத்திருப்போம் என்கிறது ரோமர் எட்டு. அதில் உள்ளே என்ன தோன்ற வேண்டும் என்று ஒரு வார்த்தையும் கிடையாது. பல சபைகளில் அட்வெந்து ஞாயிறுகளுக்குக் கொடுக்கிற வேத பாடங்களையே பாருங்கள். முதல் ஞாயிற்றுக்குத் தொழுவத்து முன்னணையும் குழந்தை இயேசுவும் வருவதில்லை, "விழித்திருங்கள்" என்றுதான் தொடங்குகிறது. அடுத்த இரண்டு வாரமும் இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நானகன். மரியாள் வருவது நான்காவது வாரத்தில். அந்த யோவானே சிறைச்சாலையிலிருந்து ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று கேட்டார், மத்தேயு 11. உங்கள் எரிச்சலைவிடப் பெரிய கேள்வி அது. இயேசு அவரைத் திட்டவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். யோவான் செய்ததில் நீங்கள் செய்யாதது ஒன்று உண்டு. அவர் ஆள் அனுப்பிக் கேட்டார், நீங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இனி செய்ய வேண்டியது. வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். கோவிலில் பார்த்ததோடு விடாதீர்கள். ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல் கொட்டி, நான்கு மெழுகுவர்த்தியை நட்டு வையுங்கள். கரண்ட் போனால் ஏற்றுகிற ஒல்லி வர்த்தி தாங்காது. முதல் வர்த்தி நான்கு வாரமும் எரிய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் என்றாலும் 28 நாளுக்கு 280 நிமிஷம், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் முதலிரண்டையும் தடிமனாக வாங்குங்கள், மற்றவை எப்படி இருந்தாலும் போதும். ஊதா நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளையே போதும். ஊதா ரிப்பனை வர்த்தியில் கட்டாதீர்கள், வர்த்தி குறையக் குறைய ரிப்பனில் தீப்பிடிக்கும். தாம்பாளத்தைச் சுற்றிக் கட்டுங்கள். சவுக்குக் கொத்து வைத்தால் வாரம் ஒருமுறை மாற்றுங்கள், காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றும். ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மெழுகு ஒரு பக்கமாக ஒழுகிப் பாதியிலேயே தீர்ந்துவிடும். திரி நீண்டிருந்தால் அரை சென்டிமீட்டர் விட்டுக் கத்தரியுங்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு. பழையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் ஏற்றக்கூடாது.

நேரம் சாயங்காலம் ஆறரை. இது மாமனாருக்காகச் சொல்வது. ஞாபகம் குறைந்தவர்களுக்கு இருட்டுகிற நேரத்தில்தான் தவிப்பு அதிகமாகும். தினமும் அதே நேரம், அதே நாற்காலி, அதே பாட்டு என்றால் அடங்குவார்கள். ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை முதல் வாரம் முழுக்க அதையே வாசியுங்கள். நேற்றைய பேச்சு மறந்துபோனவருக்கும் சின்ன வயதில் மனப்பாடம் செய்தது நிற்கும். "இருளில் நடக்கிற ஜனங்கள்" என்று நீங்கள் நிறுத்திப் பாருங்கள், மீதியை அவர் சொன்னாலும் சொல்வார். தீப்பெட்டியை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். எரிகிற வர்த்தியோடு அவரைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள்.

அட்வெந்துக்கு வைக்கிற இந்த மெழுகுவர்த்தி வளையம் எப்படி வந்தது என்று தெரியுமா? 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்திய இல்லத்தில் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் எப்போ வரும்" என்று கேட்டுத் துளைத்தார்களாம். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னதும் வைத்து, தினம் ஒன்றாக ஏற்றிக் காட்டினார். தினமும் கேட்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறார்.

அடுத்தது கேரல். இந்த இதழைக் கீழே வைத்ததும் உங்கள் சபையின் வாலிபர் ஐக்கியச் செயலாளருக்குப் போன் போடுங்கள். "எங்க வீட்டுக்கும் வாங்க தம்பி, அப்பா காத்திருக்காரு" என்று சொன்னால் போதும், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். கேரல் நடுராத்திரி தாண்டியும் சுற்றும், அதனால் பெரியவர் தூங்கும் முன்னே, எட்டரைக்குள் வரும்படி முதல் வீடாகக் கேளுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் பாடுகிறவர்கள் நிற்கட்டும், டிரம் வாசலுக்கு வெளியே இருக்கட்டும். அவருக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு முன் ஹாலில் உட்கார வையுங்கள். என்ன பாட்டு வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே அவரிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கீர்த்தனைப் புத்தகத்துப் பழைய பாட்டைத்தான் கேட்பார்.

கேக் வேண்டாம். சுக்குக் காப்பி போடுங்கள். இருபது பேருக்கு இரண்டேகால் லிட்டர் தண்ணீர், தட்டின சுக்கு 25 கிராம், தனியா இரண்டு ஸ்பூன், மிளகு ஒரு ஸ்பூன், வெல்லம் கால் கிலோ. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கடைசிக் கப்பில் மண் வரும். பத்து நிமிஷம் கொதித்தால் போதும். பால் சேர்க்காதீர்கள், வெல்லத்தோடு திரிந்துபோகும். கவரில் பத்து ரூபாய் வைக்க முடிந்தால் பத்து வையுங்கள், முடியாவிட்டால் கவரே வேண்டாம். வீட்டுவாரியாகத் தொகையை மைக்கில் வாசிக்கிற பழக்கம் உங்கள் சபையில் இருந்தால், அது பாவமான பழக்கம், ஒழிய வேண்டும் என்று ஆயரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேட்டைத் திறப்பது உங்கள் வீட்டுக்காரர் வேலை. நீங்கள் திறக்கக்கூடாது, மகளும் திறக்கக்கூடாது. "எங்கே போறீங்க அண்ணே" என்று யாராவது கேட்டால், "ஜூன்லேருந்து வேலை இல்ல, தேடிட்டிருக்கேன்" என்று ஒரே வரி. சபையில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல், ஷூ வேலையில் இருப்பவர்கள் இருப்பார்கள். வேலை இல்லை என்பதே தெரியாமல் அவர்கள் எப்படிச் சொல்லி அனுப்புவார்கள்? சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால், வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை தனக்கு உண்டா என்று கிளை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கட்டும். மகளை அழைத்துக்கொண்டு காலேஜுக்குப் போய், மீதி ஃபீஸைத் தவணையில் கட்ட எழுதிக் கேட்கட்டும். சம்பாத்தியம் நின்றதால் அவர் குடும்பத் தலைவர் இல்லை என்று ஆகிவிடவில்லை. அப்பா உயிரோடு இருக்கிற வீட்டில் பண்டிகையை நிறுத்துகிற உரிமை அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கேரல் வந்து, பாடி, ஜெபம் பண்ணிப் போன மறுநாள் காலையில் அவர் மறுபடியும் "கேரல் எப்போ வருது?" என்று கேட்பார். "நேத்துதானே வந்தாங்க, மறந்துட்டீங்களா" என்று சொல்லாதீர்கள், முகம் வாடிப்போகும். ஒருமுறை வந்தவர் மறுபடியும் வருவார் என்றுதான் சபையும் வருஷாவருஷம் இந்த நான்கு வாரமும் காத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "வருவாங்க மாமா" என்று சொல்லுங்கள்.