கற்பனைத் தீவுக்கு அரசமைப்புச் சட்டம்: கேள்வி பதில்

நம் வாசகர் வட்டம் ஒரு கற்பனைத் தீவு நாட்டுக்காக அரசமைப்புச் சட்டத்தையும் உரிமைப் பட்டியலையும் வரைந்து வருகிறது. வரைவைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குச் சட்டம் பயின்ற உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (தெம்பனிஸ்): ஐயா, "குடிமக்களுக்குப் பேச்சுரிமை உண்டு, நாடாளுமன்றம் தேவையெனக் கருதும் கட்டுப்பாடுகளை விதிக்கலாம்" என்று 7ஆம் பிரிவில் எழுதியிருக்கிறோம். இது போதுமா?

பதில்: போதும், ஆனால் யாருக்குப் போதும் என்பதைப் பார்க்க வேண்டும். உரிமையின் உண்மையான அளவு உங்கள் வாக்கியத்தின் பின்பாதியில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் அரசமைப்பின் 14ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் குறிப்பிட்டு, நாடாளுமன்றம் அவசியமானது அல்லது உகந்தது எனக் கருதும் கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. இந்தியாவில் 1951இல் வந்த முதல் திருத்தம், கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்று 19(2)இல் சேர்த்ததால், அது நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்பதற்கு வழி பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, அதே நோக்கத்தை உரிமையைக் குறைவாகப் பாதிக்கும் வேறு வழியில் அடைய முடியுமா என்பதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. உங்கள் வரைவிலோ காரணங்களின் பட்டியல்கூட இல்லை. எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம், அதை இறுதியில் எடைபோடுபவர் யார் என்ற இரண்டையும் எழுதாமல் 7ஆம் பிரிவை முடிக்காதீர்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): வேலைக்காக வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் இந்த உரிமைகள் எல்லாம் உண்டா?

பதில்: வரைவு முழுவதும் "குடிமகன்" என்றே எழுதியிருப்பதால், இப்போதைக்கு ஒன்றுகூட இல்லை. இதை எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள் என நம்புகிறேன். சிங்கப்பூரில் பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல் ஆகியவை குடிமக்களுக்கு மட்டும் உரியவை. உயிருக்கும் உடல்சார்ந்த சுதந்திரத்துக்குமான 9ஆம் பிரிவும் சமயச் சுதந்திரத்துக்கான 15ஆம் பிரிவும் எல்லா மனிதருக்கும் பொதுவானவை. கைதான ஒருவரைப் பயண நேரம் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அந்த 9ஆம் பிரிவில்தான் உள்ளது. இந்திய அரசமைப்பு அதற்கு 24 மணி நேரமே தருகிறது. உங்கள் வரைவு "விரைவில்" என்று மட்டும் சொல்கிறது. பூட்டிய அறைக்குள் இருப்பவருக்கு அந்தச் சொல்லால் எந்தப் பயனும் இல்லை, மணிக்கணக்கை எழுதுங்கள்.

கேள்வி (ஈசூன்): "அனைவருக்கும் வீடு பெறும் உரிமை" என்பது வெறும் ஆசையா, சட்டமா?

பதில்: எழுதும் விதத்தைப் பொறுத்தது. சிங்கப்பூர்வாசிகளில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வாழ்கிறார்கள். ஆயினும் வீட்டுரிமை என்ற பிரிவு நம் அரசமைப்பில் இல்லை, 1960இல் தொடங்கிய அந்தக் கழகம் சாதாரணச் சட்டத்தின் வழியாகவே இயங்குகிறது. தென்னாப்பிரிக்கா வேறு வழியைத் தேர்ந்தது: அரசு தன்னிடம் உள்ள வளத்துக்குள் படிப்படியாக நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியது. 2000ஆம் ஆண்டின் குரூட்பூம் வழக்கில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், கேட்டவுடன் ஆளுக்கொரு வீடு தரச் சொல்லவில்லை. தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு உடனடி ஏற்பாடு எதுவும் இல்லாத வீட்டுத் திட்டம் நியாயமானதாகாது என்றே தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தால் அளந்து பார்க்கக்கூடிய இத்தகைய வடிவத்தையே நான் விரும்புவேன்.

கேள்வி (பிடோக்): தீவின் மூன்று மொழிகளும் சமம் என்று எழுதிவிட்டோம். வேறென்ன வேண்டும்?

பதில்: எங்கே சமம் என்று எழுத வேண்டும். நம் நாட்டில் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக அறிவிக்கிறது. 53ஆம் பிரிவு நாடாளுமன்ற விவாதத்தை இந்நான்கில் எதிலும் நடத்த இடமளிப்பதால், தமிழில் எழுந்து பேசும் உறுப்பினர் யாருடைய தயவையும் நாட வேண்டியதில்லை. நீதிமன்றம், பள்ளி, அரசுப் படிவம் ஆகியவற்றுக்கும் உங்கள் வரைவில் இவ்வாறு தனித்தனியே இடம் குறியுங்கள்.

கேள்வி (பொங்கோல்): மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் எதையும் திருத்தலாமா?

பதில்: ஒரே கட்சி எல்லா இடங்களையும் வென்றால் அந்த வேலி எவ்வளவு உயரம் என்று யோசித்துப் பாருங்கள். ஜெர்மனியின் அரசமைப்பான 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், மனித மாண்பு உள்ளிட்ட சிலவற்றில் கைவைக்கும் திருத்தத்தையே 79(3)ஆம் பிரிவால் தடுக்கிறது. இந்தியாவில் இத்தகைய வரம்பை எழுத்தில் வைக்கவில்லை. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 7க்கு 6 என்ற கணக்கில் தீர்மானித்தனர். ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் நிற்க வைப்பதைவிட, முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி (ஜூரோங்): நெருக்கடிநிலைப் பிரிவை நீக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், காலக்கெடுவோடு வையுங்கள். ஜெர்மனியில் 1933 பிப்ரவரி 28 அன்று, அப்போதைய வைமார் அரசமைப்பின் 48ஆம் பிரிவின்கீழ் நிறுத்திவைக்கப்பட்ட உரிமைகள் நாஜி ஆட்சி வீழும்வரை திரும்பவில்லை. தென்னாப்பிரிக்காவில் நெருக்கடிநிலை அறிவிப்பு 21 நாள்களுக்கு மேல் நீடிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் கீழவை ஒப்ப வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது.

கேள்வி (அங் மோ கியோ): முகவுரை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: சிங்கப்பூர் அரசமைப்புக்கு முகவுரையே கிடையாது. எழுதித்தான் தீருவோம் என்றால் மற்றப் பிரிவுகளை முடித்துவிட்டு எழுதுங்கள். தற்போதைய வரைவில் முகவுரை இரண்டு பக்கம், கைது பற்றிய பிரிவு ஒன்றரை வரி.