தொடாவிட்டாற்சிணுங்கி: சொல்லாக்கம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: இரவு உணவுக்கு உட்கார்ந்தால் மகன், மருமகள், பேரன் மூவரும் கைபேசியைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பழக்கங்களுக்கு ‘நோமோஃபோபியா’, ‘ஃபப்பிங்’ என்று வேடிக்கைப் பெயர்கள் உண்டு என்று பேரன் பெருமையாகச் சொல்கிறான். தமிழில் ‘கைபேசியின்மை அச்சம்’ என்று எங்கோ படித்தேன். அதைச் சொல்லித் திட்டினால் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. உருப்படியாக ஒரு சொல் தர இயலுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: அம்மா, உங்கள் பேரன் சொன்ன பெயர்கள் பிறந்த விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். ‘நோ மொபைல் ஃபோன் ஃபோபியா’ என்ற தொடரை நறுக்கி ஒட்டிய சொல்லே நோமோஃபோபியா. 2008இல் பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் ஏற்பாடு செய்த ஓர் ஆய்வை ஒட்டி அது புழக்கத்துக்கு வந்தது. எதிரில் இருப்பவரை அலட்சியப்படுத்திவிட்டுக் கைபேசியில் மூழ்குவதைக் குறிக்கும் ஃபப்பிங், 2012இல் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி அகராதிக்காக ஒரு விளம்பர நிறுவனம் மேற்கொண்ட முயற்சியில், சொல் வல்லுநர்கள் கூடி உட்கார்ந்து செய்த சொல். ஜெர்மானியர்கள் ஸ்மார்ட்ஃபோனையும், நடைபிணத்தைக் குறிக்கும் ஸோம்பியையும் பிசைந்து ‘ஸ்மோம்பி’ என்றார்கள்; 2015இல் அது அந்நாட்டின் ‘ஆண்டின் இளைஞர் சொல்’லாகத் தேர்வு பெற்றது. மூன்றிலும் கைப்பழக்கம் ஒன்றுதான்: இரண்டு சொற்களை வெட்டி, ஒன்றின் தலையை மற்றொன்றின் வாலில் ஒட்டுவது.

இந்தத் தையல் தமிழுக்கு ஒத்துவருவதில்லை. தமிழில் சொற்கள் முழுதாக நின்று புணரும். கைபேசியின் முன்பாதியையும் அலட்சியத்தின் பின்பாதியையும் சேர்த்துப் பாருங்கள். ‘கைட்சியம்’ என்று ஏதோ இருமல் லேகியத்தின் பெயர்தான் கிடைக்கும். மறுபுறம், ‘கைபேசியின்மை அச்சம்’ இலக்கணப்படி குற்றமற்றது, ஆனால் அதில் மூலச்சொல்லின் பொருள் வந்து சேர்ந்ததே ஒழிய குறும்பு வரவில்லை.

குறும்புக்குத் தமிழில் வேறொரு பட்டறை உண்டு. வாயாடி, ஊர்சுற்றி, தூங்குமூஞ்சி, சாப்பாட்டுராமன், முந்திரிக்கொட்டை என்று நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பட்டப்பெயர்களே அந்தப் பட்டறையின் சரக்கு. இவற்றுள் வாயாடியையும் ஊர்சுற்றியையும் முடிக்கும் ‘இ’ விகுதி, செய்பவரைக் குறிக்கும் வினைமுதற்பொருள் விகுதி என்று வகுப்பில் நீங்களே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். சினத்துக்கு வள்ளுவர் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்று பெயர் வைத்ததும் இந்த விகுதியின் துணையோடுதான். அந்த அச்சிலேயே வார்த்தால், வாய் திறவாமல் விரலாலேயே நாள் முழுதும் வம்பளப்பவர் ‘விரலாடி’. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கி ஆளையே இழுத்துக்கொள்ளும் குறுங்காணொளி ‘பார்த்தாரை விழுங்கி’.

உங்கள் பேரனுக்கு உரிய சொல்லோ ஏற்கெனவே வேலியோரத்தில் வளர்ந்து கிடக்கிறது. தொட்டால் இலை சுருக்கும் செடியைத் தொட்டாற்சிணுங்கி என்கிறோம். பத்து நிமிடம் கைபேசியைத் தொடாவிட்டால் முகம் சுருங்குகிற பிள்ளையைத் ‘தொடாவிட்டாற்சிணுங்கி’ என்று அழையுங்கள். நோமோஃபோபியா குறிக்கும் பொருள் முழுதும் அதில் அடங்கிவிடுகிறது. நீளமாக இருந்தாலும், குழம்பு ஊற்றிக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

கேள்வி: என் அறைத்தோழன் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, நீலக்குறி வருகிறதா என்று விடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வராவிட்டால் சோகப்பாட்டோடு ஸ்டேட்டஸ் வைக்கிறான். இவனுக்குச் சங்க இலக்கியத்தில் ஏதாவது சொல் அகப்படுமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஒன்றல்ல, இரண்டு அகப்படும். பிரிவினால் தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றத்தைப் பசலை என்றார்கள். திருக்குறளில் அதற்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஊரார் நீருண்ணும் கேணியில் படிந்த பாசியைப்போல, காதலர் தொடுந்தோறும் நீங்கி, விடுந்தோறும் பரவுவது பசலை என்று குறுந்தொகையில் பரணர் பாடினார். தொடுதிரையைக் கண்டிராதவர் தொடுவதையும் விடுவதையும் இவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருப்பது வியப்புத்தான். பழைய பசலையைப் பொன்னிறம் என்பார்கள். 2014இல் வாட்ஸ்அப் நீலக்குறியைக் கொண்டுவந்த பிறகு, இருட்டறையில் திரையொளி முகத்தில் படியக் காத்துக் கிடப்பவருக்கு வாய்த்தது ‘நீலப்பசலை’. தலைவிக்கு உரியதைத் தலைவனுக்கு ஏற்றிச் சொல்வதைப் புலவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது சொல் மடல். காதல் கைகூடாத தலைவன் பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, தலைவியின் உருவம் தீட்டிய துணிக்கிழியைக் கையில் ஏந்தி ஊர்த்தெருவில் வருவதாகச் சொல்வது அகப்பாடல்களின் மரபு. நாணத்தைக் கைவிட்டுத் தன் நோயை ஊரறியச் செய்வதே அதன் நோக்கம். உங்கள் தோழர் செய்வதும் அதுவேதான், பனைமட்டைதான் இல்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடுவதால் அதை ‘ஒருநாள் மடல்’ எனலாம். அடுத்த முறை அவர் சோகப்பாட்டைத் தேடும்போது, “மடலேறப் புறப்பட்டாயா?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கைபேசிக்கு அடிமைப்பட்டுத் தூக்கம் கெட்டு வருகிற பிள்ளைகளை நான் வேலை செய்யும் இடத்தில் காண்கிறேன். அவர்களின் வருத்தத்துக்குப் பட்டம் சூட்டிப் பகிடி பண்ணுவது சரியா?
– செவிலியர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கேள்விக்கு விடையாக ஒரு பகிடியின் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது. நியூயார்க்கின் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், 1995இல், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டைக் கிண்டல் செய்வதற்காக ‘இணைய அடிமைக் கோளாறு’ என்று ஒரு நோயைத் தாமே புனைந்து, அதற்கு அறிகுறிகளையும் கையேட்டின் நடையிலேயே எழுதி இணையத்தில் வெளியிட்டார். இணையத்தைப் பற்றிக் கனவு காண்பதும், தம்மை அறியாமல் விரல்கள் தட்டச்சு செய்வதுபோல் அசைவதும் அந்தப் பட்டியலில் இருந்தன. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் தமக்கு அந்த நோய் இருப்பதாகவே சிலர் அவருக்கு எழுதத் தொடங்கினார்கள். விளையாட்டாக வைத்த பெயர் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்குள்ளும் குடியேறிவிட்டது.

பிற்பாடு உலக சுகாதார அமைப்பு, 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில், மின்விளையாட்டுக் கோளாற்றைச் சேர்த்தது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டையே முதன்மைப்படுத்துதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களேனும் காணப்பட வேண்டும் என்பது அதன் அளவுகோல். இணையப் பயன்பாடு முழுமைக்குமாகத் தனி நோய்ப்பெயர் எதையும் அந்தப் பட்டியல் வைக்கவில்லை. நீங்கள் காணும் பிள்ளைகளுக்கு மருத்துவம் வேண்டும். அங்கே ‘தொடாவிட்டாற்சிணுங்கி’ என்பது கொடுஞ்சொல்லாகிவிடும். பந்தியில் குனிந்திருப்பவரை நிமிரச் செய்வதற்கு மேல் இந்தப் பெயர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி: இப்படிச் செய்யும் சொற்கள் நிலைக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலானவை நிலைப்பதில்லை. செல்ஃபிக்குச் சுயமி, தாமி, தம்படம் என்று மூன்று சொற்கள் செய்தோம்; கல்யாண வீடுகளில் “ஒரு செல்ஃபி எடுப்போம்” என்றுதான் கேட்கிறது. அதே வேளையில் ‘முகநூல்’ வேரூன்றிவிட்டது. கனடாவின் கியூபெக் மாநில மொழி அலுவலகம், விசைப்பலகைக்கும் அரட்டைக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களை இணைத்து ‘கிளாவர்தாஜ்’ என்று இணைய அரட்டைக்குப் பெயர் வைத்தது. அரசு அலுவலகமே அங்கே குறும்பு செய்கிறது. நம் கலைச்சொல் குழுக்கள் கொஞ்சம் சிரிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: சோம்பேறி என்பதுபோல ‘செல்லேறி’ என்று ஒரு சொல்லை ஆக்கியிருக்கிறேன். இலக்கணப்படி சரிதானா?
– வாசகர், சேலம்

பதில்: புணர்ச்சியில் பிழையே இல்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். ஆகவே செல்லும் ஏறியும் சேர்ந்து செல்லேறி ஆவது முறையே. ஆனால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. தமிழில் ‘செல்’ என்றால் கறையான். ஓலைச்சுவடிகளைக் கறையான் தின்று அழிப்பதைச் செல்லரித்தல் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்து பார்க்கும்போது மணி பன்னிரண்டு என்றால், அந்த இரவு செல்லரித்துப் போயிற்று என்று தாராளமாகச் சொல்லலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.