மஞ்சள் கமேலியாவும் மச்சானின் தேயிலையும்

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வியட்நாம் போய்வந்த உறவினர் மஞ்சள் பூப் பூக்கும் கமேலியாக் கன்று ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அரிய மரமாம். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகின்றன. ஓரமும் கருகுகிறது. இதில் ஒரு கிளை வெட்டி ஹட்டனில் மச்சானின் தேயிலையில் ஒட்டலாமா?

பதில்: ஒட்ட வேண்டாம், ஐயா. தேயிலையும் கமேலியாதான், ஒரே பேரினம். ஒன்றின் நோய் மற்றதற்குத் தாவலாம். 1946இல் தேயிலையின் கொப்புள நோய் என்ற பூசண நோய் நம் தோட்டங்களுக்குள் வந்தபின் இன்றுவரை மருந்து தெளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் இலையிலும் பூசணம் ஒளிந்திருக்கும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் கன்று கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கட்டுநாயக்கத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு நீங்களே அழைத்துச் சொல்லிவிடுங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போகவும் கூடும்.

இலை மஞ்சளானதற்குக் காரணம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சீமெந்துச் சாடியா? அதன் சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்பைக் கெடுத்திருக்கும், புளிப்புக் குறைந்தால் வேரால் இரும்பை எடுக்க முடியாது. முட்டைக்கோதும் சாம்பலும் போடுவீர்களானால் உடனே நிறுத்துங்கள். (ரோசாவுக்குச் செய்வதை எல்லாச் செடிக்கும் செய்வது நம் பழக்கம்.) ஓரம் கருகுவது கடற்காற்றின் உப்பாலும் பின்னேர வெயிலாலும். காட்டில் இது பெரிய மரங்களின் நிழலில், ஓடைப் பள்ளத்தில் வளர்வது. பிளாஸ்டிக் சாடியில், நன்றாகக் கழுவிய தும்புச்சோறும் மக்கிய கூட்டெருவும் கலந்து மாற்றி நடுங்கள். முடிந்தால் மழைநீர் ஊற்றுங்கள்.

அரியதா என்றால், மஞ்சள் பூக் கமேலியாவில் பல இனங்கள் உண்டு. இலையைக் காணாமல் எதுவென்று சொல்ல மாட்டேன். பேர்பெற்றது, தென் சீனத்துக் குவாங்சியிலும் வட வியட்நாமிலும் வளரும் பொன் கமேலியா. 1948இல்தான் தாவரவியலார் பெயரிட்டார்கள். பூ உள்ளங்கைக்குள் அடங்கும், மெழுகு பூசியதுபோல் மின்னும். அந்த நிறத்துக்காகவும் பூவைத் தேநீராக்கவும் காட்டிலிருந்து வேரோடு தோண்டினார்கள், மரம் அருகிவிட்டது. இப்போது குவாங்சியின் ஃபாங்செங்காங்கில் இதற்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. நாற்றுமேடையில் விதையிலிருந்தும் ஒட்டிலிருந்தும் பெருக்குகிறார்கள். உங்கள் கன்று நாற்றுமேடையிலிருந்து வந்ததா, காட்டிலிருந்தா என்று உறவினரைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் குடும்பத்து மரம்தான் ஆசை என்றால், இலங்கைக்கே உரிய கோர்டோனியா நம் மலைக்காடுகளில் உண்டு. அதையும் தோண்டிவிடாதீர்கள். பேராதனைப் பூங்காவில் விசாரியுங்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து பதில் வரும்வரை சாடியைத் தள்ளி வைத்து, உதிரும் இலைகளைப் பையில் கட்டி வையுங்கள்.