சிறு டிரெய்லரில் மின்சைக்கிள்களை எங்கே ஏற்றுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். சுமார் 700 கிலோ எடையுள்ள, ஒற்றை அச்சு கொண்ட சிறிய பயண டிரெய்லரை எங்கள் டீசல் எஸ்யூவியில் இழுத்துக்கொண்டு ஏற்காடு, ஏலகிரி போன்ற இடங்களுக்குச் சென்று வருகிறோம். அண்மையில் ஆளுக்கொரு மின்சைக்கிள் வாங்கினோம். ஒவ்வொன்றும் 26 கிலோ. டிரெய்லரின் பின்பக்கச் சேஸிஸில் ஒரு சதுரக் குழாயைப் பற்றவைத்து அதில் சைக்கிள் ரேக்கை மாட்டிவிடலாம் என்று வெல்டிங் பட்டறைக்காரர் சொல்கிறார். 700 கிலோ வண்டிக்கு 52 கிலோ ஒரு எடையா என்றும் கேட்கிறார். அவர் சொல்வதுபோல் செய்யலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: 52 கிலோ பெரிய எடை அன்று என்பதில் பட்டறைக்காரர் சொல்வது சரிதான். ஆனால், அந்த எடை எங்கே தொங்கப்போகிறது என்பதை அவர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. டிரெய்லரின் பின்விளிம்புக்கும் அப்பால் அதை மாட்ட வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால், தண்ணீர்த் தொட்டியோ எரிவாயு சிலிண்டரோ, எதை டிரெய்லரில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் நீங்களே விடை கண்டுவிடலாம்.

ஒற்றை அச்சு டிரெய்லர் என்பது அந்த அச்சின் மீது நிற்கும் ஒரு நெம்புகோல். அதன் முன்முனை, இழுக்கும் வாகனத்தின் கொக்கியின் மேல் எப்போதும் ஓரளவு பாரத்துடன் அழுந்திக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இந்தக் கொக்கிப் பாரம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பியக் கேரவன்களுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு என்று சொல்வார்கள். உங்கள் டிரெய்லரின் கொக்கிப் பாரம் இப்போது 70 கிலோ என்றும், அச்சிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு சைக்கிள்கள் 52 கிலோ. கனமான சைக்கிள்களைத் தாங்கும் ரேக் ஒரு 18 கிலோ. ஆக மொத்தம் 70 கிலோ. அந்த 70 கிலோவும் அச்சுக்கு 2.4 மீட்டர் பின்னால் தொங்கினால், கொக்கியிலிருந்து அது தூக்கிவிடும் பாரம் 70-ஐ 2.4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்து வருவது, அதாவது 56 கிலோ. மிஞ்சுவது 14 கிலோ மட்டுமே. மொத்த எடை 770 கிலோவாகக் கூடியிருக்கும் நிலையில், கொக்கிப் பாரம் 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது.

இந்தக் கணக்கில் பலருடைய கண்ணுக்குப் படாத இன்னொரு பாதியும் உண்டு. கொக்கியை விட்டு நீங்கிய 56 கிலோ எங்கும் மறைந்துவிடவில்லை. அது அச்சின் மேல் வந்து இறங்குகிறது. எனவே, 630 கிலோ தாங்கிக்கொண்டிருந்த அச்சும் டயர்களும் இனி 756 கிலோவைத் தாங்க வேண்டும். நீங்கள் ஏற்றியது 70 கிலோ, அச்சுக்குக் கூடியதோ 126 கிலோ. உங்கள் டிரெய்லரின் அச்சு 750 கிலோவுக்கு உரியதாக இருந்தால், வீட்டு வாசலிலேயே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

மூக்கு இலேசான டிரெய்லர் ஓசூர் வரை ஒன்றும் தெரியாமல்தான் வரும். இதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, பக்கத்தில் ஒரு பேருந்து முந்திச் செல்லும் காற்றழுத்தமோ, தடம் மாறுவதற்காகச் சக்கரத்தைச் சற்று ஒடித்ததோ போதும். டிரெய்லரின் வால் இடமும் வலமும் அசையத் தொடங்கும். இறக்கத்தில் வாகனம் டிரெய்லரை இழுப்பதில்லை, டிரெய்லர்தான் வாகனத்தைத் தள்ளுகிறது. ஆகவே அந்த அசைவு தானாக அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் வளரக்கூடும். அப்படி நேர்ந்தால், வாகனத்தின் பிரேக்கை அழுத்தி மிதிப்பதோ, வேகத்தைக் கூட்டி நேராக்க முயல்வதோ கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக்கும் அதற்கான கைக்கட்டுப்பாடும் இருந்தால், அதை மட்டும் மெதுவாகப் பயன்படுத்தலாம்.

"பின்னால் கூடிய எடைக்கு ஈடாக முன்பக்கத் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் கொக்கிப் பாரம் சரியாகிவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். எடை மெஷினில் சரியாகிவிடும், சாலையில் ஆகாது. இரண்டு முனையிலும் பாரம் கட்டிய காவடியைச் சுழற்றுவதும் கடினம், சுழலத் தொடங்கியபின் நிறுத்துவதும் கடினம். அச்சிலிருந்து ஒரு எடை இருமடங்கு தொலைவுக்குப் போனால், சுழற்சிக்கு அது காட்டும் தடை நான்கு மடங்காகிறது. எனவே, முன்னும் பின்னும் கனத்த டிரெய்லர் ஒரு முறை ஆடத் தொடங்கினால் நெடுநேரம் ஆடும்.

இனி ரேக்கைப் பற்றி. கடைகளில் கிடைக்கும் ரேக்குகளில் பெரும்பாலானவை, ஒரு சைக்கிளுக்குப் பதினைந்து கிலோ அளவில் கணக்கிட்டுச் சாதாரண சைக்கிள்களுக்காகச் செய்யப்பட்டவை. அதுவும் காரின் பின்புறத்துக்காக. டிரெய்லரின் பின்முனை அச்சிலிருந்து வெகுதூரம் தள்ளியிருப்பதால், ஒவ்வொரு வேகத்தடையிலும் அது காரின் பின்புறத்தைவிட மிகக் கடுமையாக எகிறி விழும். வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த எகிறலால்தான் பல ரேக் தயாரிப்பாளர்கள் டிரெய்லரில் மாட்டுவதைக் கையேட்டிலேயே தடை செய்கிறார்கள். வேறு சிலர் டிரெய்லரில் மாட்டினால் தாங்கும் எடையைக் குறைத்துச் சொல்கிறார்கள். பற்றவைத்த இணைப்பில் விரிசல் வரும்போது முதலில் வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற ஒரு கோடுதான் தெரியும். அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அப்படியானால் முன்பக்கம், கொக்கிக்கும் டிரெய்லர் உடலுக்கும் இடையிலுள்ள முக்கோணச் சட்டத்தில் மாட்டலாமா? அங்கே மாட்டுவதற்கென்றே ரேக்குகள் உண்டு. ஐரோப்பாவில் அவை பரவலாகப் பயன்படுகின்றன. உங்கள் கணக்கில் அதே 70 கிலோவை அச்சுக்கு 2.4 மீட்டர் முன்னால் வைத்தால், கொக்கிப் பாரம் 56 கிலோ கூடி 126 கிலோவாகும். ஆட்டத்துக்கு இது பின்பக்கத்தைப்போல் ஆபத்தானது அன்று என்றாலும், உங்கள் எஸ்யூவியின் கொக்கி அவ்வளவு செங்குத்துப் பாரத்தைத் தாங்குமா என்பதை வாகனக் கையேட்டில் பார்த்தாக வேண்டும். 75 அல்லது 100 கிலோவோடு வரம்பு முடிந்துவிடும் கொக்கிகள் பல. இன்னொன்று, நீங்கள் போகும் ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வண்டி முழுக்க ஒடியும்போது சைக்கிளின் கைப்பிடி எஸ்யூவியின் பின்கண்ணாடியைத் தொடாது என்பதை ஒரு திறந்த மைதானத்தில் சோதித்துப் பார்க்காமல் மலையேறக் கூடாது.

என் தேர்வு, டிரெய்லருக்கு உள்ளே, அச்சுக்கு நேர் மேலே. அச்சின் மேல் வைக்கும் எடை கொக்கிப் பாரத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ரேக்கின் 18 கிலோவும் மிச்சம். முன்சக்கரங்களைக் கழற்றி, கைப்பிடியைத் தளர்த்தித் திருப்பிவிட்டால், குறுகிய கதவிலும் சைக்கிள்கள் நுழைந்துவிடும். மோட்டார் பின்சக்கரத்தில் இருந்தால் அதைக் கழற்ற முயல வேண்டாம். மின்கம்பி இணைப்போடு போராட வேண்டியிருக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். இல்லையேல் யாராவது பிரேக்கை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். கட்டும் வளையங்களைப் பிளைவுட் தரையில் வெறும் ஸ்குரூவால் பொருத்தக் கூடாது. சேஸிஸ் வரை போல்ட் ஊடுருவி, அடியில் இரும்புத் தகடு வைத்து முடுக்கியிருக்க வேண்டும். பட்டறைக்காரரின் திறமைக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது. உள்ளே இடமே இல்லை என்றால், எஸ்யூவியின் பின்னிருக்கைகளை மடித்து அங்கே ஏற்றுங்கள். கூரை மேல் ஏற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 26 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவது உங்கள் இருவருக்குமே நல்லதன்று.

எதைச் செய்தாலும், புறப்படும் முன் கொக்கிப் பாரத்தை அளந்துகொள்ளுங்கள். சமதளத்தில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, வழக்கமாகக் கொக்கியில் மாட்டும் உயரத்தில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதனடியில் வீட்டு எடை மெஷினை வைத்தால் போதும். லாரி எடை மேடையில் மொத்த எடையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஐந்து, பத்து கிலோக்களாகத்தான் எண் மாறும் என்பதால் கொக்கிப் பாரத்துக்கு வீட்டு மெஷினே மேல்.

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் சிறிய பயண டிரெய்லர் வைத்திருக்கிறான். அதன் பின்னால் சதுரமான இரும்புப் பம்பர் இருக்கிறது. ஒரு சைக்கிளுக்கு 27 கிலோ தாங்கும் ரேக்கை வாங்கி அந்தப் பம்பரில் மாட்டப்போவதாகச் சொல்கிறான். உறுதியான இரும்புதானே?
– வாசகி, கம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: பார்வைக்கு உறுதியாகத் தெரியும். அமெரிக்க டிரெய்லர்களில் உள்ள அந்த நான்கு அங்குலச் சதுரப் பம்பர் மெல்லிய தகட்டால் ஆன உள்ளீடற்ற குழாய். பல வண்டிகளில் அதன் முதன்மைப் பயன், கழிவுநீர்க் குழாயைச் சுருக்கி உள்ளே வைத்துக்கொள்வதுதான். சைக்கிளின் பாரம் பம்பரை வெறுமனே கீழே அழுத்துவதில்லை, முறுக்கவும் செய்கிறது. பற்றவைத்த மூலைகள்தான் முதலில் விட்டுப்போகும். 27 கிலோ என்ற எண்ணும் காருக்கு உரியதாக இருக்கலாம். டிரெய்லரில் பயன்படுத்தலாம் என்று ரேக்கின் கையேட்டில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்றும், பம்பரில் எவ்வளவு ஏற்றலாம் என்று டிரெய்லரின் கையேடு சொல்கிறதா என்றும் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சேஸிஸின் இரு நெடுஞ்சட்டங்களோடும் நேரடியாகப் பிணைத்த ஏற்பாடு என்றால், மேலே அல்சூர் வாசகருக்குச் சொன்ன கொக்கிப் பாரக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் முடிவு செய்யலாம். அந்த மாநிலத்தில் டிரெய்லர் இழுக்கும் வாகனத்துக்கு மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்பதையும் நினைவூட்டுங்கள். ஆட்டம் வேகத்தோடு வளர்வது.

கேள்வி: எனக்கு மூட்டுவலி. மின்சைக்கிளைத் தூக்கி டிரெய்லருக்குள் வைக்க முடியவில்லை. வழி உண்டா?
– வாசகர், ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: தூக்கவே வேண்டாம். நீளமான அலுமினியச் சாய்வுப் பலகை ஒன்றை வாங்குங்கள். நீளம் கூடினால் சரிவு குறையும் என்பதால், இரண்டு மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். பல மின்சைக்கிள்களில் நடை உதவி வசதி இருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே பக்கத்தில் நடந்தால், மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் வண்டி தானே ஏறிவிடும். இதற்குப் பேட்டரி மாட்டியிருக்க வேண்டும்; ஆகவே ஏற்றி முடித்த பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள், முன்னால் அன்று. ஒரு கை பிரேக்கின் மேல் இருக்கட்டும்.

கேள்வி: சைக்கிள்களை வெளியே மாட்டிச் சென்றால் போக்குவரத்துக் காவலர்கள் அபராதம் விதிப்பார்களா?
– வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: வாய்ப்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 194(1ஏ) பிரிவு, வண்டியின் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதே. நம்பர் பிளேட்டையோ பின்விளக்குகளையோ சைக்கிள் மறைத்தால் அது தனிக் குற்றம். டிரெய்லரில் நிரந்தரமாக எதையேனும் பற்றவைப்பது 52-ஆம் பிரிவின் கீழ் வண்டியை மாற்றியமைத்ததாகவும் கொள்ளப்படலாம். எனவே, பட்டறைக்குப் போகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மின்சைக்கிளுக்கு உறை போட்டு மூடி எடுத்துச் செல்லலாமா? பேட்டரியை என்ன செய்வது?
– வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: நிறுத்திய இடத்தில் உறை நல்லது, ஓடும் வண்டியில் அது காற்றை வாங்கிப் பாய்மரமாகி, கட்டுகளை இழுத்துத் தளர்த்திவிடும். வெளியே மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் இடத்தின் மின்முனைகளையும் கைப்பிடியிலுள்ள திரையையும் மட்டும் இறுக்கமாக மூடுங்கள். ஒரு பேட்டரியே சில கிலோ இருக்கும் என்பதால் பாரமும் குறையும். பேட்டரிகளைப் பாதியளவு மின்னேற்றத்துடன், மின்முனைகளில் உலோகப் பொருள் எதுவும் படாதபடி தனித்தனியாகத் துணியில் சுற்றி, குளிர்சாதனம் உள்ள காருக்குள் வையுங்கள். சாப்பிட இறங்கும்போது வெயிலில் நிற்கும் காரில் அவற்றை விட்டுச் செல்ல வேண்டாம். சைக்கிளைக் கட்டுவதற்கு ரப்பர் கயிறு போதாது. பக்கிளால் இறுக்கும் நைலான் பட்டைகளால் கட்டி, முதல் சில கிலோமீட்டர் ஓடியதும் ஓரங்கட்டி, ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஈரமான நைலான் சற்று நீளும் என்பதால், மழை பெய்து ஓய்ந்த பிறகும் ஒரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.