ஆயிரம் அடி போர்வெல் என்றால் வைரஸ் வராதா? பெங்களூர்வாசிகளின் கிணற்று நீர் கேள்வி பதில்

ஹுளிமாவு: மேடம், எங்கள் லேஅவுட்டில் 40 வீடு, ஒரு திறந்த கிணறு, 20,000 லிட்டர் சம்ப் (தரையடித் தொட்டி). லேப் ரிப்போர்ட்டில் ஈ-கோலி இல்லை என்று வந்துவிட்டது. இனி குளோரின் எதற்கு?

பதில்: அந்த ரிப்போர்ட் பாக்டீரியாவைப் பற்றியது. காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் 30 நானோமீட்டர்தான். பாக்டீரியா சிக்கிக்கொள்ளும் மண்ணிலும் அது நழுவிப் போய்விடும். நிலத்தடி நீரில் தொற்றும் திறனை நெடுநாள் வைத்திருக்கும். 1955-56இல் டெல்லியில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு பெருகவில்லை. ஆனால் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. நம் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, எஞ்சிய குளோரின் (கிருமியைக் கொன்றபின் நீரில் மிஞ்சுவது) லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும் என்கிறது. வைரஸுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் குறைந்தது 0.5.

கே.ஆர்.புரம்: சம்புக்கு எத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர்?

பதில்: பொதுவான கணக்கு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கிணற்று நீரும் குடிக்கும் குளோரின் அளவு வேறு. டப்பா திறந்து வைத்த பவுடரின் வீரியமும் வேறு. இரண்டையும் ஒரே சோதனையில் பிடித்துவிடலாம்.

40 கிராம் பவுடரை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளிய விடுங்கள். 10 லிட்டர் கிணற்று நீர் பிடித்த நான்கு பிளாஸ்டிக் வாளிகளில், தெளிந்த கரைசலை ஊசி போடும் சிரிஞ்சால் 0.5, 1, 2, 3 மி.லி. எனக் கலக்குங்கள். மூடி வைத்து, அரை மணி கழித்து, எஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் டி.பி.டி. மாத்திரையால் பாருங்கள். எந்த வாளியில் 0.5 மி.கி. நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. 1 மி.லி. வாளி என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 2 மி.லி. வாளி என்றால் 8 கிராம். அந்த 8 கிராம் கணக்கில் 20,000 லிட்டர் சம்புக்கு 160 கிராம். சோதித்த அதே டப்பா பவுடரையே போடுங்கள்; புது டப்பா வாங்கினால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சம்பில் போடும்போதும் பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். மண்டி போனால் மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு அடைத்துக்கொள்ளும். நீர் விழும்போதே ஊற்றினால் நன்றாகக் கலக்கும். நிரம்பியபின் முப்பது நிமிடம் மோட்டாரை நிறுத்தி வையுங்கள்; பி.எச். 8க்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். இந்த முப்பது நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சர்ஜாபூர் ரோடு: எங்களுடையது 1,100 அடி போர். அவ்வளவு ஆழத்துக்குச் சாக்கடை இறங்காது. கிணற்றுக்காரர்களுக்குச் சொல்வதை எங்களுக்கும் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: ஆழம் உங்களைக் காப்பாற்றாது சார். பெங்களூருக்கு அடியில் இருப்பது கிரானைட், நைஸ் பாறை. நீர் அதன் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. துளையின் மேல்பகுதி சரியாமல் காக்கும் கேசிங் பைப்பைக் கெட்டிப் பாறை தட்டும் வரைதான் இறக்குவார்கள். அதற்குக் கீழே வெறும் துளை. 150 அடியில் ஒரு வெடிப்பு இருந்தால் மேல்நீர் அதன் வழியே உள்ளே கொட்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து காது கொடுத்தால் பல போர்களில் அந்தச் சத்தம் கேட்கும். கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிமென்ட் பாலால் அடைக்காமல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தால், மழைநீர் அதன் வழியாகவும் இறங்கும்.

சர்ஜாபூர் ரோடு: உறிஞ்சு குழி 18 மீட்டர் தள்ளித்தானே இருக்கிறது?

பதில்: அந்தத் தூரம் மண் வடிகட்டும் என்று நம்பி வைத்தது. பாறை வெடிப்பு எதையும் வடிகட்டாது. வெயில் காலத்தில் ஒருமுறை, பெருமழைக்குப் பின் ஒருமுறை நைட்ரேட்டும் குளோரைடும் பாருங்கள். மழைக்குப் பின் இரண்டும் சேர்ந்து ஏறினாலோ, நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டினாலோ, கழிவுநீர் வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹொரமாவு: சர்ஜாபூர்க்காரர் சொல்வது சரிதான். நாங்களும் ஆறு வருடமாக ஆழ்துளை நீர்தான் குடிக்கிறோம். யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

பதில்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தால் பெரும்பாலும் காமாலையே தெரியாது. பெரியவர்களுக்குத் தெரிவதற்கும் இரண்டு முதல் ஏழு வாரம் ஆகும்; அதற்குள் கெட்ட நீர் போய் வேறு நீர் வந்திருக்கும், யாரும் கிணற்றைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஹெபடைடிஸ் ஈ கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிக்கு வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் இறக்கிறார்கள். உங்கள் லேஅவுட்டில் கர்ப்பிணிகள் இருப்பார்கள். கேசிங் தரைக்கு மேல் ஓரடியாவது நிற்கட்டும், சுற்றிலும் சரிவாகச் சிமென்ட் மேடை, இறுக்கமான மூடி. அதோடு குளோரினும்.

பானஸ்வாடி: சாஃப்ட்னர் போட்டிருக்கிறோம், போதுமா?

பதில்: அது நீரின் கடினத்தன்மையைத்தான் குறைக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது.

பேகூர்: குளோரினுக்குப் பதில் யு.வி. (புற ஊதா) விளக்கு வைக்கலாமா?

பதில்: நீர் தெளிவாக இருந்து, விளக்கின் குவார்ட்ஸ் உறையில் வெள்ளைப் படிவு ஏறாமல் பார்த்துக்கொண்டால் வைக்கலாம். நம் கடின நீரில் அந்தப் படிவு சீக்கிரம் ஏறும். அடினோ வைரஸ் யு.வி.யை அதிகம் தாங்கும். விளக்கைத் தாண்டிய நீருக்குப் பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது. மொட்டைமாடி டேங்கில் திரும்பவும் கெடலாம். சங்கத்துக்கு என்றால் யு.வி.க்குப் பின் குளோரின்.

ஹுளிமாவு: கிணற்றைத் தூர் வாரினோம். கிணற்றிலேயே மருந்து போடலாமா?

பதில்: ஒருமுறை போடலாம். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் சுமார் 12,600 லிட்டர். லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் கணக்கில், 25 சதவீதப் பவுடர் இரண்டரைக் கிலோ. தெளிவை ஊற்றி, 12 மணி நேரம் யாரும் நீர் எடுக்காமல் விட்டு, வாசனை போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். ஏரியிலும் செப்டிக் டேங்கிலும் விடாதீர்கள். ஆள் உள்ளே இறங்கவே கூடாது. இது கிணற்றைக் கழுவுவது மட்டும்தான். ஊற்றுக்கண் வழியாகக் கழிவுநீர் வந்தால் மறுநாளே பழைய நிலை. தினசரி மருந்து சம்பில்தான்.

மாரத்தஹள்ளி: எங்கள் சம்ப் 15,000 லிட்டர். எத்தனை கிராம்?

பதில்: கே.ஆர்.புரம் கேள்விக்குச் சொன்ன வாளிச் சோதனை.

அல்சூர்: குளோரின் போட்டால் கேன்சர் வருமாமே?

பதில்: உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 5 மி.கி. வரை அனுமதிக்கிறது, நாம் வைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. இலையும் சேறும் கலந்த நீரில் குளோரின் போட்டால்தான் வேண்டாத சேர்மங்கள் கூடும். சம்பைக் கழுவி, கலங்கலை வடிகட்டிவிட்டுப் போடுங்கள்.

வைட்ஃபீல்டு: குளோரின் பார்க்கும் ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) சொட்டு மருந்தில் நல்ல மஞ்சள் வருகிறது. சரிதானே?

பதில்: உடனே வந்த மஞ்சளா, ஐந்து நிமிடம் கழித்து வந்ததா? தாமதமாக வந்தால் அது அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின். வைரஸைக் கொல்வதில் மிக மந்தம். இரும்பும் மாங்கனீசும் இருந்தாலும் மஞ்சள் காட்டும். டி.பி.டி. வாங்குங்கள்.

பொம்மனஹள்ளி: டேங்கர் தண்ணீருக்கும் இதேதானா?

பதில்: இதேதான். எந்தப் போரில் நிரப்பினார்கள் என்று நமக்குத் தெரியாது. இறக்கியவுடன் மருந்து, முப்பது நிமிடம், டி.பி.டி. 0.5 காட்டிய பிறகு மேலே ஏற்றுங்கள்.

மடிவாளா: எங்கள் சம்புக்கு எத்தனை கிராம் போடணும் மேடம்? அவசரம், இரண்டு வீட்டில் காமாலை.

பதில்: இன்றைக்கே எல்லா வீட்டிலும் குடிக்கிற, பல் தேய்க்கிற, பச்சைக் காய்கறி கழுவுகிற நீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள். கர்ப்பிணிகள் இருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வாளிச் சோதனை. சம்பிலிருந்து செப்டிக் டேங்க் எத்தனை அடி, அண்மையில் ஏதாவது பைப் தோண்டினார்களா என்று எழுதுங்கள்.