தாத்தா பெட்டியில கல்லு ரெண்டு, சீட்டு ஒண்ணு

கேள்வி: சார், தாத்தாவோட டிரங்குப் பெட்டியில ரெண்டு கல்லு கிடைச்சுது. ஒண்ணு வெளிர் பச்சை, கண்ணாடி மாதிரி, முனை கூம்பா இருக்கு. இன்னொண்ணு பழுப்பு, தகடு தகடா பிரியுது. கூட ஒரே ஒரு சீட்டு, "சேவத்தூர், வட ஆற்காடு ஜில்லா"ன்னு டைப் அடிச்சிருக்கு. பச்சைக் கல்லு நம்ம ஊருதுன்னு எழுதி ஷோகேஸ்ல வெக்கலாமா? போட்டோ அனுப்பியிருக்கேன். (வாசகர், குடியாத்தம்)

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. நல்லவேளை கல்லோட அடிப்பக்கத்தையும் படம் எடுத்திருக்கீங்க, எல்லாரும் பளபளப்பைத்தான் எடுப்பாங்க, ஆனா ஊரைக் காட்டிக் குடுக்கறது அடியில ஒட்டியிருக்கற பாறைதான். உங்களுது கருப்பா, நுணுக்கமா, அங்கங்க பொத்தலோட இருக்கு, அது எரிமலைக் குழம்பு ஆறி வந்த பசால்ட்டு. மேல இருக்கற பச்சை அப்போஃபிலைட்டுங்கற கனிமம் மாதிரி தெரியுது, ஓரத்துல இளஞ்சிவப்பா ஸ்டில்பைட்டுன்னு இன்னொரு கனிமமும் இருக்கற மாதிரி இருக்கு, இந்த ஜோடி புனே, நாசிக், ஜல்கான் பக்கத்து குவாரிங்கள்ல நிறைய கிடைக்கும். சேவத்தூர்ல அந்த மாதிரி பசால்ட்டே கிடையாது.

அப்ப சீட்டு யாருக்கு? பழுப்புக்குத்தான் இருக்கணும். சேவத்தூர்ல கார்பனடைட்டுன்னு ஒரு அபூர்வப் பாறை இருக்கு, அங்க டாமின், அதாவது தமிழ்நாடு அரசோட கனிம நிறுவனம், வெர்மிகுலைட்டுங்கற தகடு தகடா பிரியற கனிமத்தை வெட்டி எடுத்திருக்காங்க. கடுகளவு செதில் ஒண்ணை பழைய கரண்டியில வெச்சு, முகத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டு அடுப்புல காட்டுங்க, அப்பளம் மாதிரி உப்பி புழு மாதிரி நீண்டுச்சுன்னா வெர்மிகுலைட்டுதான். ஆனா ஒண்ணு, அது என்ன கல்லுங்கறதுக்குத்தான் சாட்சி, எந்த ஊர்ங்கறதுக்கு இல்ல. லேப்ல குடுத்து எக்ஸ்-ரே எடுத்தாலும் இதே கதைதான், கனிமத்தோட பேரைச் சொல்லும், ஊரைச் சொல்லாது.

சீட்டு எந்தக் காலம்னு ஓரளவு சொல்லலாம். சேவத்தூர் திருப்பத்தூர் பக்கம், அந்த திருப்பத்தூர் தாலுகா 1911 வரைக்கும் சேலம் ஜில்லா, அப்புறம்தான் வட ஆற்காடு, 1989ல அந்த ஜில்லாவும் ரெண்டாச்சு, 2019ல திருப்பத்தூரே தனி மாவட்டம். ஆக 1911க்கும் 1989க்கும் நடுவுலன்னு வெச்சுக்கலாம். ஆனா எங்க சொந்தத்துல கல்யாணப் பத்திரிகையில இன்னமும் வ.ஆ. மாவட்டம்னு போடற ஆளுங்க இருக்காங்க, அதனால ரொம்ப அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சீட்டைக் கிழிக்காதீங்க, அதுமேல பேனாவும் வெக்காதீங்க. தனிப் பேப்பர்ல, பழுப்புக்கு "பெட்டியில இருந்த சீட்டுப்படி சேவத்தூர்", பச்சைக்கு "மகாராஷ்டிராவா இருக்கலாம், சீட்டு இல்ல"ன்னு தேதி போட்டு எழுதி வைங்க. அப்படியே, தாத்தா எப்பவாவது புனே, பம்பாய் பக்கம் வேலைக்குப் போயிருந்தாரான்னு பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.