அரசன் எவ்வழி, ஆலயம் அவ்வழி

கேள்வி: கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து லூத்தர் கிளப்பிய புராட்டஸ்டண்ட் நெருப்பு ஐரோப்பாவில் நாடு நாடாகப் பரவியது. அதே நாட்டுக்காரர்கள் பிடித்த காலனிகளில் மட்டும் ஏன் மந்தமாக இருந்தது?

பதில்: 1517-இல் விட்டன்பெர்கில் லூத்தர் கேட்டது திருச்சபை காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டு பற்றி. பத்து வருடம் கழித்து ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசாவின் கவலையோ லூபெக் நகரத்துக்குக் கட்ட வேண்டிய கடன். பணம் திருச்சபையிடம் இருந்தது. 1527-இல் வெஸ்தெரோஸில் நாட்டின் பிரதிநிதிகள் சபையைக் கூட்டி, சொத்தை எடுத்துக்கொள்ள வழி செய்துகொண்டார். டென்மார்க்கின் மூன்றாம் கிறிஸ்டியன் 1536-இல் ஆயர்களைப் பிடித்துச் சிறையில் வைத்துவிட்டே அதைச் செய்தார். அவர் கையில் இருந்த நார்வேயும் கூடவே லூத்தர் வழிக்கு மாறியது. ஐஸ்லாந்து முரண்டு பிடித்தது. அங்கே ஆயர் யோன் அராசோனையும் அவருடைய இரண்டு மகன்களையும் 1550-இல் தலையை வெட்டினார்கள். (கத்தோலிக்க ஆயருக்கு மகன்களா என்று கேட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். இருந்தார்கள்.) பிரான்சிலும் நெதர்லாந்திலும் அரசனை மீறித்தான் வளர்ந்தது, அது கால்வின் என்ற இன்னொரு சீர்திருத்தவாதியின் வழிக் கதை. லூத்தர் வழிக்கு அரசன்தான் எல்லாம்.

காலனிக்குக் கப்பல் ஏறியதோ அரசன் இல்லை, வியாபாரக் கம்பெனி. அதற்கு மிளகு விற்றால் போதும். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கால் வைத்தது 1620. லூத்தர் வழி மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கியது 1706. நடுவில் 86 வருடம்! இவர்களை அனுப்பியதும் மன்னர் நான்காம் பிரெடரிக்தான். அங்கிருந்த டேனிஷ் அதிகாரிக்கு இது பிடிக்கவே இல்லை. சீகன்பால்கை நான்கு மாதம் உள்ளே தள்ளினார். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போனால், புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பைத்தான் முதலில் காட்டுவேன். 1718 என்ற வருடத்தோடு மன்னரின் கிரீடமும் பெயர்ச் சின்னமும் அதில் இருக்கும். உள்ளே சீகன்பால்கின் கல்லறை.

ஆங்கிலேயக் கம்பெனி இன்னும் மோசம். குடிகள் கலவரம் செய்தால் வியாபாரம் கெடுமே என்ற பயம். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியே 1800-இல் வங்காளத்தில் டேனிஷ் ஊரான செராம்பூரில்தான் ஒதுங்க வேண்டி வந்தது. 1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கம்பெனியின் சாசனத்தைத் திருத்திய பிறகே மிஷனரிகளுக்குக் கதவு திறந்தது.

கேள்வி: அப்படியென்றால் யாழ்ப்பாணம்? அங்கே ஆண்டதும் கம்பெனிதானே, ஆனால் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்களே?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். அங்கே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கம்பெனியே ராஜாவாக நடந்துகொண்டது. 1658-இல் போர்த்துக்கீசரை விரட்டியதும் கத்தோலிக்கப் பாதிரிகளுக்குத் தடை. உத்தியோகம் வேண்டுமா, ஞானஸ்நானம் பெற்றுக்கொள். பதிவேடு நிரம்பியது. 1796-இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் போனதும் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நழுவிவிட்டார்கள். இந்தக் கெடுபிடிக்கு நடுவில் 1687-இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற பாதிரியார் மாறுவேடத்தில் வந்து இறங்கி, வீடு வீடாக ரகசியமாகப் பூசை வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கத்தோலிக்கர்கள் நழுவவில்லை.